கேளுங்கள், சொல்கிறேன்: குழந்தைக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வீட்டில்

பிப்ரவரி 15 உலகக் குழந்தைப் புற்றுநோய் நாள் என்பதால், இந்த மாதம் அந்த ஒரு பொருளைப் பற்றிய கடிதங்களை மட்டும் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தாய்மார்கள் எழுதியவை. பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் இங்கே தரவில்லை. குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர் பதிலளிக்கிறார்.

என் மகளுக்கு நான்கு வயது. இரண்டு மாதமாகக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. கால் வலிக்கிறது என்று நடக்க மறுத்தாள். இப்போது இரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். அவள் வயிற்றில் இருந்தபோது கிரகண நேரத்தில் நான் வாசலுக்கு வந்ததுதான் காரணம் என்று மாமியார் சொல்கிறார். செல்போனைக் காட்டிச் சோறு ஊட்டியதாலோ என்று எனக்கும் உறுத்துகிறது. நான் செய்த தவறு எது?
– வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

அம்மா, நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. கிரகணத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை, செல்போனுக்கும் தொடர்பில்லை. கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்ட பப்பாளிக்கும் அன்னாசிக்கும் தொடர்பில்லை என்பதையும், அடுத்து யாராவது அதைச் சொல்லக்கூடும் என்பதால், இப்போதே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் உருவாகின்றன. அங்கே நாள்தோறும் கோடானுகோடி அணுக்கள் பிரிந்து பெருகும்போது, முதிராத ஒரு வெள்ளை அணுவின் மரபணுவில் பிழை விழுந்து, அது முதிர்ச்சி அடையாமலேயே பெருகிக்கொண்டு போவதுதான் உங்கள் மகளுக்கு வந்திருக்கும் நோய். சில குழந்தைகளிடம் அந்த முதல் பிழை கருவிலேயே நேர்ந்துவிட்டிருப்பதை, பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுத்துச் சேமித்து வைத்திருந்த இரத்தத் துளிகளைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்து ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். எந்தத் தாயும் அதை உணர்ந்திருக்கவோ தடுத்திருக்கவோ முடியாது. குழந்தைப் புற்றுநோய்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால், பெற்றோரிடமிருந்து வந்த மரபணு மாற்றம் பின்னணியில் இருப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்குத்தான். மற்றவர்களுக்கு இன்னதுதான் காரணம் என்று சுட்டிக்காட்ட இன்றைய மருத்துவத்தால் இயலாது.

இரண்டு மாதம் காத்திருந்துவிட்டோமே என்றும் உங்களுக்கு உறுத்தும். மஜ்ஜை முழுவதையும் இந்த அணுக்கள் அடைத்துக்கொள்வதால் சிவப்பணு குறைந்து குழந்தை வெளுக்கிறது, நல்ல வெள்ளை அணு குறைந்து காய்ச்சல் வருகிறது, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்து ஆங்காங்கே கன்றிப்போகிறது, எலும்புக்குள் அழுத்தம் கூடிக் கால் வலிக்கிறது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நான்கு வயதுக் குழந்தைக்கு வழக்கமாக வருகிற தொந்தரவுகளே. அனுபவமுள்ள மருத்துவர்களே முதல் முறை பார்க்கும்போது சாதாரணக் காய்ச்சல் என்று அனுப்பிவிடுவது உண்டு.

இந்த நோய் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களிலேயே அதிகம் காணப்படுவது, இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் மிகுதியாக வருவது, மருந்துக்கு மிக நன்றாகக் கட்டுப்படுவது. 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், சாகும் நிலையில் இருந்த குழந்தைகளுக்கு ஒரு புதிய மருந்தைக் கொடுத்து, அவர்களுள் சிலருக்கு நோய் தற்காலிகமாகவேனும் அடங்குவதை முதன்முதலாகக் காட்டினார். அந்த மருந்தை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைத்தான் உங்கள் மகளும் எடுத்துக்கொள்ளப்போகிறாள். அன்று சாவு சில மாதங்கள் தள்ளிப்போனதையே பெரிதாக எண்ணினார்கள். இன்று வளர்ந்த நாடுகளில் இந்த நோய் வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் வரை உயிர் பிழைக்கிறார்கள். நம் நாட்டிலும் நல்ல மையத்தில் சிகிச்சையை முழுமையாக முடிக்கிறவர்களில் பெரும்பான்மையினர் குணமடைகிறார்கள். ‘முழுமையாக முடிக்கிறவர்கள்’ என்ற சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இதழில் திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிற்கப்போகிறேன்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். மருத்துவர் உங்களை அழைத்துப் பேசும் அடுத்த நாளில் அவரையும் கூட்டிச்சென்று முன் நாற்காலியில் உட்கார வையுங்கள். பேத்தியை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் அவர் காரணம் தேடுகிறார். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் வாயிலிருந்து ‘இது யாருடைய குற்றமும் இல்லை, பாட்டி’ என்று கேட்ட பிறகு, இரவில் குழந்தைக்குக் காவல் இருக்கும் முறையைத் தாமே ஏற்றுக்கொண்ட பாட்டிகள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

அங்கன்வாடியில் பணியாற்றுகிறேன். எங்கள் ஊரில் ஒரு குழந்தையின் கண்ணில் புற்றுநோய் முற்றிய பிறகே கண்டுபிடித்து, கண்ணை எடுக்க வேண்டியதாகிவிட்டது. நாங்கள் எதைக் கவனித்திருக்க வேண்டும்?
– வாசகி, தருமபுரி மாவட்டம்

பெரியவர்களின் புற்றுநோயைப் போலப் புகையிலை, மது, உணவு என்று விலக்கித் தடுத்துக்கொள்ள வழியில்லாத நோய் இது. ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. உலகில் ஆண்டுதோறும் 19 வயது வரையுள்ள ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குப் புற்றுநோய் வருகிறது. வசதியான நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடையும்போது, ஏழை நாடுகள் பலவற்றில் அது 30 சதவீதத்தைத் தொடுவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த இடைவெளிக்கு முதல் காரணங்களில் ஒன்று, குழந்தை மருத்துவமனைக்கு வந்து சேரும் தாமதம்.

கண்ணிலிருந்தே தொடங்குகிறேன். விழித்திரையில் வரும் இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களைத் தாக்குகிறது. மங்கிய வெளிச்சத்தில் பூனையின் கண் மின்னுவது போலக் குழந்தையின் கருவிழி நடுவில் வெள்ளையாக ஒளிரும். ஃபிளாஷ் போட்டு எடுத்த செல்போன் படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் விழுந்திருந்தால், அந்தப் படத்தோடு அந்த வாரத்திலேயே கண் மருத்துவரிடம் போக வேண்டும். புதிதாக மாறுகண் வந்தாலும் அப்படியே. ‘மாறுகண் அதிர்ஷ்டம்’ என்று நம் ஊரில் சொல்கிற வழக்கத்தால் பார்வையையும் சில வேளைகளில் உயிரையும் இழந்த குழந்தைகள் இருக்கிறார்கள். சீக்கிரம் வந்தால் பெரும்பாலான குழந்தைகளின் உயிரைக் காக்கலாம், பலருக்குக் கண்ணையும் காக்கலாம். உங்கள் ஊர்க் குழந்தைக்குக் கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுடைய கண்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். இந்த நோய் சில குடும்பங்களில் மரபுவழியாக வருவது.

அடுத்தது வயிறு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, வயிற்றின் ஒரு பக்கம் கல் மாதிரி தட்டுப்படுகிறது என்று ஒரு தாய் கண்டுபிடித்து வந்தார். சிறுநீரகத்தில் வரும் கட்டி அது. நல்ல வேளையாகச் சீக்கிரமே வந்துவிட்டார். அப்படித் தட்டுப்பட்டால் அடிக்கடி அழுத்திப் பார்க்கவோ, குடல் ஏறிவிட்டது என்று வயிற்றைத் தடவி நீவிவிடவோ கூடாது. உள்ளே கட்டி உடைந்துவிடக்கூடும். இவற்றைத் தவிர, இரண்டு வாரத்துக்கு மேல் விளக்கம் இல்லாமல் நீடிக்கும் காய்ச்சல், வெளுத்துப்போவது, அடிபடாமலே கன்றுவது, கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாமல் வளரும் நெறிகட்டி, இரவில் குழந்தையை எழுப்பிவிடுகிற எலும்பு வலி, காலையில் எழுந்தவுடன் தலைவலியோடு வாந்தி, நன்றாக நடந்த குழந்தை தள்ளாடுவது ஆகியவை அலட்சியப்படுத்தக் கூடாதவை. இவற்றில் ஒன்றைக் காணும் நூறு குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வேறு சிறிய காரணம்தான் இருக்கும். ஆனாலும் ஒரு முறை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள்.

அண்ணன் மகனுக்கு ஆறு வயது, இரத்தப் புற்றுநோய். ஒரு மாதக் கீமோவிலேயே ‘நோய் தெரியவில்லை’ என்று அறிக்கை வந்துவிட்டது. ஆனாலும் இரண்டரை ஆண்டு மருந்து தொடர வேண்டும் என்கிறார்கள். பையன் முடியெல்லாம் கொட்டி, வாய் புண்ணாகிச் சாப்பிட முடியாமல் துவண்டுகிடக்கிறான். இதற்கு மேலும் ஏன் வதைக்க வேண்டும், இனி நாட்டு மருந்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.
– வாசகர், திண்டுக்கல்

ஐயா, நீங்கள் எழுதிக் கேட்டதற்கு மிக்க நன்றி. தயவுசெய்து நிறுத்தவிடாதீர்கள்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். நோய் கண்டறியப்படும்போது குழந்தையின் உடலில் ஒரு லட்சம் கோடி வரை புற்றணுக்கள் இருக்கக்கூடும். முதல் நான்கைந்து வார மருந்து அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை அழித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சிய ஒரு பங்கு எவ்வளவு? ஆயிரம் கோடி. அவை உடல் முழுவதும் சிதறிக் கிடப்பதால் நுண்ணோக்கியில் பார்க்கிறவர் கண்ணுக்கு மஜ்ஜை சுத்தமாகத் தெரிகிறது. ‘நோய் தெரியவில்லை’ என்று எழுதுகிறார். அவர் எழுதியது உண்மை. ஆனால் நோய் தெரியாமல் இருப்பதும் நோய் இல்லாமல் இருப்பதும் வேறு வேறு. களையை மேலே கிள்ளிவிட்டு வயல் சுத்தமாகிவிட்டது என்று எந்த விவசாயியும் வீட்டுக்குப் போவதில்லை அல்லவா? இந்த நிலையில் மருந்தை நிறுத்தினால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் சில மாதங்களில் நோய் திரும்பிவிடும், அப்போது அது முன்னைப்போல் மருந்துக்குக் கட்டுப்படாது.

அதனால்தான் சிகிச்சை பல கட்டங்களாக வகுக்கப்பட்டிருக்கிறது. முதல் கட்டத்துக்குப் பின் சில மாதங்கள் கடுமையான மருந்துகள். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் சாதாரண ஊசி மருந்து போதிய அளவு போய்ச் சேராது என்பதால் முதுகில் குத்திச் செலுத்தும் மருந்து. அதன் பிறகு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் வீட்டிலிருந்தே மாத்திரை. 1984இல் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் ஒரே அட்டவணைப்படி இந்த நோய்க்குச் சிகிச்சை தரத் தொடங்கிய பிறகுதான் இந்தியக் குழந்தைகள் கணிசமான எண்ணிக்கையில் பிழைக்கத் தொடங்கினார்கள். மருந்துகள் பெரும்பாலும் முன்பே இருந்தவை. ஒழுங்காக, முழுவதுமாக, ஒரே முறைப்படி கொடுத்ததுதான் புதிது.

இப்போது பையன் படும் வேதனை உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வாய்ப்புண்ணுக்கும் வாந்திக்கும் வலிக்கும் மருந்து இருக்கிறது. இன்றே கேளுங்கள், பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முடி திரும்ப முளைக்கும். மாத்திரைக் கட்டம் வந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்கே போகிறார்கள்.

ஆனால் கவனம் சிதறுவதும் அந்தக் கட்டத்தில்தான். குழந்தை ஓடியாடி விளையாடும்போது, ‘ஒரு நாள் விட்டால் என்ன’ என்று தோன்றிவிடும். தினசரி மாத்திரையை நூற்றுக்கு 95 வேளைக்கும் குறைவாக எடுத்துக்கொண்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டுகிறது. மாதத்தில் இரண்டு நாள் விட்டாலே அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறோம். இன்னொன்றையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு முறைதான். தவறுதலாகத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. சுமை தூக்கும் வேலை செய்த ஒரு தந்தை, எழுதப் படிக்கத் தெரியாதவர், மாதக் காலண்டரின் ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைய மாத்திரையின் வெற்று அட்டைத் துண்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருப்பார். இருபத்திரண்டு மாதக் காலண்டர்களையும் சுருட்டிக்கொண்டு வந்து கடைசி நாளில் என் மேசையில் விரித்துக் காட்டினார். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.

நாட்டு மருந்தின் மேல் பெரியவர்களுக்கு இருக்கும் நம்பிக்கையை நான் இழித்துப் பேசவில்லை. உங்கள் அண்ணன் மகனுக்கு ஏறும் வின்கிறிஸ்டின் என்ற மருந்தே நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவதுதான் என்று அவர்களிடம் சொல்லுங்கள். ஆனால் ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை தேவைப்படுகிறது. அந்தச் செடியையே அரைத்துக் கொடுத்தால் விஷமாகும். கீமோ மாத்திரைகள் ஏற்கெனவே கல்லீரலுக்குச் சுமையாக இருக்கும்போது, கஷாயம், பஸ்பம் எதுவும் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்கக் கூடாது. நெற்றியில் விபூதி பூசுவதையும், வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ நேர்ந்துகொள்வதையும் எந்த மருத்துவரும் தடுக்கமாட்டார். கூட்டத்தில் குழந்தையை அழைத்துச் சென்று நேர்த்திக்கடன் செலுத்துவதை மட்டும் சிகிச்சை முடியும்வரை தள்ளிவையுங்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர் வீட்டுக் குழந்தைக்குப் புற்றுநோய். போய்ப் பார்க்கவும் தயக்கமாக இருக்கிறது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. என்ன பேசுவது, என்ன செய்வது?
– வாசகி, கோயம்புத்தூர்

இந்தத் தயக்கத்தால்தான் பல வீடுகளின் கதவு தட்டப்படாமலே கிடக்கிறது. முதல் வாரம் கூட்டம் வரும். மூன்றாவது மாதம் ஒருவரும் வரமாட்டார்கள். சிகிச்சையோ இரண்டு ஆண்டுக்கு மேல் போகிறது. ஆகவே நீங்கள் முதல் வாரம் போகாவிட்டாலும் பரவாயில்லை, ஆறாவது மாதம் போங்கள்.

பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ‘கேள்விப்பட்டேன், என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் நான் எதிர் வீட்டில்தான் இருக்கிறேன்’ என்பதே போதும். உங்கள் சித்தப்பா மகனுக்கு இதே நோய் வந்து என்ன ஆனது என்ற கதையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். ‘எவ்வளவு செலவாகும்’, ‘பிழைத்துவிடுமா’, ‘வேறு டாக்டரைப் பார்த்தீர்களா’ என்ற மூன்று கேள்விகளையும் அந்தத் தாயிடம் அன்றைக்கே பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். குழந்தையின் முன்னால் அழாதீர்கள். அதன் மொட்டைத் தலையைப் பார்த்து உச்சுக் கொட்டாதீர்கள். சளியோ இருமலோ இருந்தால் அன்று போகவே வேண்டாம்.

‘எது வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை, அவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்பதற்குக்கூடத் தெம்பு இல்லாத நாட்கள் அவை. ‘செவ்வாயும் வெள்ளியும் மதியச் சாப்பாடு என் வீட்டிலிருந்து வரும்’ என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள். அன்று சமைத்துச் சூடாக, காரம் இல்லாமல், மூடிய பாத்திரத்தில் கொடுங்கள். வெட்டி வைத்த பழமும் கடை ஜூஸும் வேண்டாம். மின்கட்டணம், ரேஷன், பெரிய பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது என்று அந்த வீட்டில் நின்றுபோன சிறு வேலைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

குடியிருப்பில் கார் வைத்திருப்பவர்கள் நான்கு பேர் சேர்ந்து செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று இருக்கிறது. கீமோ பெறும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்துவிட்டால் அது அவசர நிலை. நோய் எதிர்ப்பு அணுக்கள் குறைந்திருக்கும்போது கிருமி சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவிவிடும். பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்ப்போம் என்று காத்திருந்த இரவுகளில் நாங்கள் குழந்தைகளை இழந்திருக்கிறோம், புற்றுநோயால் அல்ல, அந்தக் காய்ச்சலால். ஆகவே நள்ளிரவு இரண்டு மணிக்கும் ஒரு தொலைபேசி அழைப்பில் வண்டி எடுக்க இன்ன நாளில் இன்னார் என்று ஒரு பட்டியல் போட்டு அந்த வீட்டுக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

இரத்தத்துக்கும் அப்படியே. தட்டணுக்களை எடுத்து ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஐம்பது பேர் சேர்ந்து கொடுத்துவிட்டால், அடுத்த மாதம் குழந்தைக்குத் தேவைப்படும்போது கொடுக்க ஆளிருக்காது. யாருக்கு எந்த இரத்த வகை என்று எழுதி, வாரத்துக்கு இரண்டு பேர் தயாராக இருப்பது போல முறை வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்குச் சிகிச்சை சென்னையில். ஒன்பது வயது மூத்த மகளைப் புதுக்கோட்டையில் தாத்தா வீட்டில் விட்டிருக்கிறோம். தம்பிக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தோம். இப்போது இரவில் படுக்கையை நனைக்கிறாள், யாரிடமும் பேசுவதில்லை. அவளிடம் உண்மையைச் சொல்லலாமா?
– வாசகர்

சொல்லிவிடுங்கள், இந்த வாரமே. அவளுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். பெரியவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வதையும், தாத்தா கொல்லைப்புறத்தில் நின்று தொலைபேசியில் அழுவதையும் ஒன்பது வயதுப் பெண் கவனிக்காமல் இருப்பாளா? தெரியாத மீதிப் பாதியை அவளே இட்டுக் கட்டிக்கொள்கிறாள், அது உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும்.

நேரில் போய்ச் சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளின் மனத்தில் மூன்று கேள்விகள் கேட்கப்படாமல் கிடக்கும், அவள் கேட்காவிட்டாலும் மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுங்கள். தம்பியோடு சண்டை போட்டு அவனைத் தள்ளிவிட்டதால்தான் இது வந்ததா என்றால், இல்லை. எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா என்றால், இல்லை. என்னை இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்றால், இன்னார், இத்தனை நாள், அதன் பிறகு நாங்கள் என்று பெயரும் நாளும் சொல்லுங்கள். ‘தம்பி செத்துப்போய்விடுவானா?’ என்று கேட்டால், ‘இது பெரிய நோய்தான், ஆனால் நல்ல மருந்து இருக்கிறது, டாக்டர்களும் நாங்களும் அவனைக் குணப்படுத்தப் பாடுபடுகிறோம், ஏதாவது மாறினால் உன்னிடம் மறைக்கமாட்டோம்’ என்று சொல்லுங்கள். பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில், பத்து நிமிடமானாலும், வீடியோவில் அவளோடு பேசுங்கள். முதல் ஐந்து நிமிடம் தம்பியின் பேச்சே வேண்டாம், அவளுடைய பள்ளி, அவளுடைய தோழிகள். விடுமுறையில் சென்னைக்கு அழைத்து வந்து வார்டைக் காட்டுங்கள். அவளுக்கு அம்மை போட்டிருந்தாலோ, அம்மை போட்ட பிள்ளையோடு பழகியிருந்தாலோ மட்டும் வருவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். படுக்கை நனைவதற்குத் திட்டக் கூடாது என்று தாத்தாவிடம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

மகனிடமும் இதே நேர்மைதான். ‘ஊசி போடமாட்டார்கள்’ என்று சொல்லி உள்ளே அழைத்துச் செல்லாதீர்கள். ‘வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும், அப்பா கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்’ என்று சொன்ன தந்தையின் பிள்ளை அடுத்த முறையும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறான்.

கீமோ எடுக்கும் மாணவன் மாத்திரைக் கட்டத்தில் பள்ளிக்குத் திரும்பியிருக்கிறான். ‘தொற்று நோயா, ஏன் மாஸ்க் போட்டிருக்கிறான்’ என்று மற்றப் பெற்றோர் கேட்கிறார்கள்.
– தலைமையாசிரியர், விழுப்புரம் மாவட்டம்

புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அவன் மாஸ்க் போட்டிருப்பது மற்றப் பிள்ளைகளின் சளியும் அம்மையும் தனக்கு வராமல் இருக்க. பெற்றோர் கூட்டத்தில் இதை நீங்களே எழுந்து சொல்லுங்கள். தலைமையாசிரியர் சொன்னால் ஊர் கேட்கும். வகுப்பில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றே அவன் வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். தொப்பி அணிய அனுமதி, மைதானத்தில் கட்டாயம் இல்லை, வருகைப் பதிவில் சலுகை: இவை மூன்றையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். முன் பெஞ்சில் தனியாக உட்கார வைக்காமல், பழைய நண்பன் பக்கத்திலேயே உட்கார வையுங்கள்.

நாங்கள் கூலி வேலை. சிகிச்சை இலவசம் என்றாலும் சென்னைக்கு வந்து போகவும் தங்கவும் முடியாமல் பாதியில் நிறுத்திவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

உங்கள் பயம் நியாயமானது. மருந்துக்குப் பணமில்லாமல் நின்றவர்களைப் போலவே பேருந்துக் கட்டணத்துக்கு இல்லாமல் நின்றவர்களும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது; அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையோடு உடனே விண்ணப்பியுங்கள். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வசதிப் பெட்டியில் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையிலும் வேலூரிலும் செயின்ட் ஜூட் இந்தியா மையங்கள் வெளியூரிலிருந்து வரும் குழந்தையையும் பெற்றோரையும் இலவசமாகத் தங்கவைக்கின்றன. மருத்துவமனையின் சமூகப் பணியாளர் வழியாகத்தான் இடம் கிடைக்கும். ஆகவே முதல் நாளிலேயே அவரைத் தேடிப் பிடியுங்கள். பணம் தீர்ந்துவிட்டது என்று எந்த நாளில் தோன்றினாலும் ஊருக்குப் பேருந்து ஏறாமல் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். சொல்லாமல் போய்விட்ட குடும்பத்துக்குத்தான் எங்களால் எதுவும் செய்ய முடியாமல் போயிருக்கிறது.

மூன்று ஆண்டு, ஒரு வேளை மருந்துகூடத் தவறவிடாமல் கொடுத்தோம். நோய் திரும்பி, போன ஆடியில் மகன் இறந்துவிட்டான். எங்கள் மனம் நோகும் என்று சொந்தக்காரர்கள் அவன் பெயரையே எடுப்பதில்லை. நாங்கள் வேறு ஏதாவது செய்திருக்க வேண்டுமா?
– வாசகி

அம்மா, சிகிச்சையை முடியுங்கள் என்று இந்தப் பக்கம் முழுவதும் மற்றவர்களிடம் வற்புறுத்திவிட்டு உங்கள் கடிதத்துக்கு வந்து நிற்கிறேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் சில குழந்தைகளின் நோய் மருந்துகளுக்கு அடங்குவதில்லை. அது அந்த அணுக்களின் தன்மை. இந்தத் தலைமுறை மருத்துவத்தின் எல்லையும் அதுதான். உங்கள் எல்லை அன்று. நீங்கள் செய்யாமல் விட்டது எதுவும் இல்லை. கடைசி வாரங்களில் அவனுக்கு வலி தெரியாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சைக்கு ஈடான வேலை அது.

சொந்தக்காரர்களுக்கு எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். நீங்களே முதலில் அவன் பெயரைச் சொல்லுங்கள். ‘இது அவனுக்குப் பிடித்த குழம்பு’ என்று ஒரு விருந்தில் நீங்கள் சொன்னால், இன்னொருவர் தமக்கு நினைவிருப்பதைச் சொல்வார். இந்தப் பக்கத்தைப் படிக்கும் உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வரும் ஆடியில் அந்த நாள் வரும்போது, அந்தத் தாயைத் தொலைபேசியில் அழைத்து, அவன் பெயரைச் சொல்லி, அவனைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள். அவர் அழுதால் அழைப்பைத் துண்டிக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

அம்மா, உங்கள் கடிதத்தில் அவன் பெயரை மட்டும் எழுத மறந்துவிட்டீர்கள். விரும்பினால் எனக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள்.